காற்றுப் பக்கத்துக் கரை

மார்ச் 2, ஞாயிறு

வாஷர்வுமன் பே. வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்துக்குச் சாலையே இல்லை. வேன்காரர் ஆன்சல் கரும்புக்காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல நீங்கதான் நடக்கணும், நர்ஸ்" என்றார். செங்குத்தான இறக்கம். கீழே கறுப்பு மணல், சாய்ந்த இரண்டு தென்னை, ஆள் இல்லை.

செயின்ட் ஆலிவ் தீவுக்கு வந்து ஐந்து மாதம். இது என் பதினான்காவது கரை. மேற்கே கரீபியன் கடல் பக்கம் வெள்ளை மணலும் குடைகளும் கப்பலில் வந்து இறங்கும் கூட்டமும். கிழக்கே அட்லாண்டிக். அதைக் காற்றுப் பக்கம் என்கிறார்கள். முரட்டு அலை. யாரும் குளிப்பதில்லை. டயாலிசிஸ் பிரிவில் ஆறு நாள் மெஷின் சத்தம் கேட்கிற எனக்கு ஞாயிறு நடக்க இதுதான் தோது. சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது. நடப்பது நல்லது.

திரும்பும்போது ஆன்சல் கேட்டார்: "பதினாலு வாட்டி கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு நாள்கூட மேற்குப் பக்கம் போகச் சொன்னதில்ல. குளிக்கவும் இல்ல, போட்டோ எடுக்கவும் இல்ல. அப்படி என்னதான் பாக்குறீங்க?"

"கடலைத்தான்."

"கடலா? நீங்க தலையக் குனிஞ்சுகிட்டுல்ல நடக்குறீங்க."

அவர் பேசுவது தீவு இங்கிலீஷ். எனக்கு நம் பேச்சாகவே காதில் விழுகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

இன்று கரையில் ஒதுங்கியிருந்தவை: பிளாஸ்டிக் பாட்டில்கள் நிறைய, ஒற்றைச் செருப்பு ஒன்று (இடது கால், பெண்ணுடையது), மூங்கில், நீல வலைத்துண்டு. வலையின் கண் அகலம் பார்த்தேன். நம்முடையது இல்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு டூட்டி பார்த்தேன். ஊரிலிருந்து கொழுந்தன் ததேயுஸின் மூன்று நிமிடக் குரல் செய்தி. கேட்கவில்லை. இரண்டாம் மெஷினில் அழுத்தம் நிற்கவில்லை, டெக்னீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஹாலோ பாயிண்ட். சுற்றுலா வரைபடத்தில் இல்லாத இடம். பாறை முனையில் ஒரு துளை. அடியில் அலை மோதும்போது காற்று அதன் வழியாக மேலே வருகிறது. முதலில் இழுக்கும் மூச்சு மாதிரி, பிறகு ஒரு குரல். ஆண் குரல். சொல் இல்லை. தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுகிற இழுப்பு மட்டும்.

ஆன்சல் பத்தடி தள்ளியே நின்றார். இங்கே மீன்பிடிக்கப் போகிறவர்கள் இந்தப் பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார்களாம். அவருடைய மாமா ஒருவர் ஒரு தடவை பதில் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காட்சி அழகாக இருந்ததால் அரைமணி நேரம் நின்றேன்.

வண்டியில் ஏறியதும் ஆன்சல் கண்ணாடியில் என்னையே பார்த்தார். "நீங்க பதில் சொல்லிட்டீங்க" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"'ஓய்'னு சத்தமா. ரெண்டு தடவை."

வயதானவர். காற்றில் எதையோ கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்த் துறையில் பெண்கள் கரையில் நின்று வள்ளத்துக்குக் குரல் கொடுப்பது அப்படித்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஏதோ தற்செயல்.

மார்ச் 12, புதன்

மழை. துணி காயவில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்தேன், கருவாடு இல்லாமல் இறங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பேஷன்ஸ் கடற்கரை. வேலியிறக்கத்தில் தண்ணீர் வடிந்து பாறைக்குளங்கள் வெளியே தெரிகின்றன. கடல் முள்ளெலி, ஊதா நிற விசிறிப் பவளம். அவற்றைத் தாண்டி ஒரு குகை இருக்கிறதாம், தண்ணீர் முழுதாக வடிந்தால்தான் போகலாம் என்றார் ஆன்சல்.

மணலில் பாதி புதைந்து ஒரு மிதவை கிடந்தது. வட்டமாக வளைந்த எழுத்துகள் இருந்தன. மலையாளம் என்று நினைத்துவிட்டேன். முழங்கால் போட்டுக் கையாலேயே தோண்டினேன். எழுத்து இல்லை, சிப்பி ஒட்டியிருந்த தடம். இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

என்னோடு குடியிருக்கும் மரி-ஃப்ளோர் அதைக் கதவோரம் பார்த்தாள். அவள் ஹெய்தி நாட்டுக்காரி, எங்கள் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. "உன் கட்டிலுக்கு அடியில ஏற்கெனவே ஒன்பது இருக்கு, ஜெனோவா. இதெல்லாம் எதுக்கு?"

"சும்மா. அழகுக்கு."

சாயங்காலம் ததேயுஸ் மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்துவிட்டேன்.

"மைனி, எத்தன வாட்டி விளிச்சேன்! ஏழு வருசம் கழிஞ்சிட்டுல்லா. மரண சர்ட்டிபிகேட்டுக்குக் கோர்ட்டுல மனு குடுக்க நீங்க ஒரு ஒப்பு போட்டுத் தந்தா போதும். பாக்கிய நான் பாத்துக்கிடுதேன்."

"வேலையில இருக்கேன், ததேயுஸ்."

"அண்ணன் வந்திரும்னு எனக்கும் ஆசைதான் மைனி. ஆனா கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி கொளுத்துது. நம்ம வீட்டுக்கு மட்டும் கொளுத்த ஒரு இடம் இல்லை பாத்துக்கிடுங்க."

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

எழுதித்தான் வைக்கிறேன். என் கணவர் கிளீட்டஸ் பதினோரு பேரோடு, மலையாளத்தில் பெயர் எழுதிய வள்ளத்தில், தங்கலுக்குப் போனார். ஆழ்கடலில் பத்து இருபது நாள் தங்கிப் பிடிக்கிற தொழில். நவம்பர் கடைசி. அந்த வாரம் புயல். மற்ற வள்ளங்கள் லட்சத்தீவில் ஒதுங்கின, குஜராத்தில் ஒதுங்கின. இவர்களுடையது ஒதுங்கவில்லை. ஒரு பலகைகூட வரவில்லை. பிறகு துறையில் போட்ட முகாமுக்குக் கடல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்படி ஓடும் என்று வரைந்து காட்டினார். நம் கடலில் தொலைந்தது ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளின் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கலாம், சில வருடங்கள் ஆகும் என்றார். அவர் பாட்டிலையும் மரக்கட்டையையும் பற்றித்தான் சொன்னார். எனக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு விண்ணப்பித்தது அதனால் அல்ல.

மார்ச் 23, ஞாயிறு

கடற்பாசி வந்துவிட்டது. பழுப்பு நிறத்தில், வாஷர்வுமன் பே முழுக்க இடுப்பளவு உயரம். மிதித்தால் உள்ளே சூடாக இருக்கிறது. முட்டை அழுகிய நாற்றம். அந்த ஆவி பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்று ஆன்சல் சொன்னார். சரிதான். என் கால் மெட்டி இரண்டும் ஒரு மணி நேரத்தில் கரியாகிவிட்டன.

பாறைத் திட்டுக்கு அப்பால் ஒரு வள்ளம் நின்றது. நீளமாக, தாழ்வாக. எஞ்சின் சத்தம் இல்லை. அலை ஏறி இறங்கியது, அது மட்டும் அசையாத மாதிரி இருந்தது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாக. நான் கையை வீசினேன். யாரும் திரும்ப வீசவில்லை.

"அங்க பாருங்க. வள்ளம்."

ஆன்சல் நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பாசிதான் தெரியுது, நர்ஸ்."

போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்தேன். சார்ஜென்ட் எழுதிக்கொண்டார். மாலையில் ரோந்துப் படகு போய்ப் பார்த்ததாம். ஒன்றும் இல்லையாம்.

மார்ச் 24, திங்கள்

பற்பசை போட்டுத் தேய்த்தேன். மெட்டியின் கறுப்பு போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இருந்தது.

காலை ஏழரைக்கு மருத்துவ அதிகாரி என்னையும் இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டார். பிணவறையில் ஆள் போதாது. வாஷர்வுமன் பேயில் பாசிக்கு நடுவே அந்த வள்ளம் சாய்ந்து நின்றது. நாற்பதடி நீள மரவள்ளம், ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூ வரைந்தது. செனகல் நாட்டு மீன்பிடி வள்ளம் என்றார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்து வந்திருக்கிறது. இந்தக் கடலுக்கு முன்பும் ஒன்றிரண்டு வந்ததுண்டாம்.

உள்ளே பத்துப் பேர். வெயிலும் உப்பும் அவர்களைக் காய வைத்திருந்தன. நாற்றம் பாசியுடையதுதான், அவர்களுடையது இல்லை. உட்கார்ந்தபடியும் சாய்ந்தபடியும் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையும் மடியில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முகத்தின் மேலும் துணி. அந்தத் துணியை யார் போட்டது என்று அப்போது எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

நான் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தேன். மருத்துவ அதிகாரி, "இங்க வேண்டாம் சிஸ்டர், பிணவறையில பார்த்துக்கலாம்" என்றார். பத்தையும் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

மார்ச் 26, புதன்

பொருள்களைப் பட்டியல் போட்டோம். சட்டைகள், ஜெபமாலை போன்ற மணிச்சரங்கள், செத்துப்போன போன்கள். வள்ளத்தின் உட்கட்டையில் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு பள்ளிக்கூட நோட்டு. பிரெஞ்சில் எழுதியிருந்ததால் மரி-ஃப்ளோரைக் கூப்பிட்டார்கள்.

முப்பத்தேழு பெயர்கள். பக்கத்தில் தேதி. முதல் இருபத்தாறு பெயர்களுக்கு நேரே தேதியோடு 'கடல்' என்று ஒரு சொல். இறந்தவர்களைக் கடலில் விட்டிருக்கிறார்கள். அடுத்த பத்துப் பெயர்களுக்குத் தேதி மட்டும். தூக்கிப் போடத் தெம்பு இல்லாமல் போயிருக்கும். எழுத்து போகப்போகப் பெரிதாகி, கோணிக்கொண்டு போகிறது. எல்லாம் ஒரே கை.

கடைசிப் பெயர் பாபகர். அதற்கு நேரே ஒன்றும் இல்லை.

எழுதியது அவன்தான். துணி போட்டதும் அவன்தான். வள்ளத்தில் அவன் இல்லை.

மரி-ஃப்ளோர் நோட்டை மூடிவிட்டுக் கையை இரண்டு தடவை கழுவினாள்.

மார்ச் 28, வெள்ளி

நோட்டின் பின்னட்டையில் ஒரு போன் எண், 'கும்பா' என்ற பெயர். சார்ஜென்ட் எதிரில் உட்கார்ந்து மரி-ஃப்ளோர் பேசினாள். நான் கூட இருந்தேன். கும்பா பாபகரின் மனைவி. கடலோர ஊர், மீன் காய வைக்கிற வேலை, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. டிசம்பர் நான்காம் தேதி அவன் கடைசியாகப் பேசியிருக்கிறான்.

பத்துப் பேரைப் பற்றி மரி-ஃப்ளோர் மெதுவாகச் சொன்னாள். கடைசிப் பெயருக்கு நேரே தேதி இல்லை என்றதும் கும்பா சிரித்துவிட்டாள். சிரிப்புத்தான், எனக்கும் கேட்டது.

"அப்ப அவரு எறங்கிட்டாரு. கரையப் பாத்ததும் குதிச்சிருப்பாரு. அவரு நல்லா நீந்துவாரு. உங்க தீவுலதான் எங்கயோ இருக்காரு."

மரி-ஃப்ளோர் என்னைப் பார்த்தாள்.

"தேடுறேன்னு சொல்லு" என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

வாஷர்வுமன், பேஷன்ஸ், ஹாலோ பாயிண்ட், ஒரே நாளில் மூன்றும். ஆன்சல் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். பாசிக்குள் குச்சி விட்டுக் குத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

அரைநாள் லீவு கேட்டு வாங்கினேன். கும்பா தினமும் பிரெஞ்சில் குரல் செய்தி அனுப்புகிறாள், மரி-ஃப்ளோர் கேட்டுச் சொல்கிறாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இன்னைக்கு எந்தக் கரை? பெயரைச் சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறாள். பிறகு அடையாளம் சொல்கிறாள். உயரம், முன்பல் இடைவெளி, மஞ்சள் பனியன்.

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன். முதல் தடவையாக, எதைத் தேடுகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒரு பதில் இருக்கிறது.

பேஷன்ஸில் ஒரு மீன்பிடிக்காரர், கூண்டில் போட்டிருந்த மீனை யாரோ எடுத்துவிட்டதாகச் சொன்னார். பாறை இடுக்கில் சாம்பல் இருந்தது. சூடு இல்லை.

மரி-ஃப்ளோர் கேட்டாள்: "நீ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு? யாரைத் தேடுற நீ?"

"பாபகரை."

"சரி" என்றாள். நம்பின சரி இல்லை அது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இதை நடந்தபடியே எழுதவேண்டும்.

பேஷன்ஸ் கரையில் ஆன்சல் என்னை இறக்கிவிட்டபோது பத்து மணி. தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது. பாறைக்குளங்களைத் தாண்டி முதல் தடவையாக அந்தக் குகை வாயில் வரை போனேன். உள்ளே பத்தடிக்கு வழவழப்பான ஈரமணல், அதற்கப்பால் இருட்டு. மணலில் காலடிகள். வெறுங்கால். கடலிலிருந்து நேராக உள்ளே போயிருந்தன. புதுசு, ஓரம்கூட உடையவில்லை. திரும்பி வந்த தடம் இல்லை.

நான் உள்ளே போகவில்லை. கத்திக்கொண்டே பாறை மேல் ஓடினேன். ஆன்சல் எதிரே வந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "இருக்காரு! உள்ள இருக்காரு! பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் காலைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், என் காலில் செருப்பு இல்லை.

"பக்கத்துல கால வைங்க, நர்ஸ்."

வைத்தேன். அதே அளவு. இரண்டாவது விரல் பதிந்த இடத்தில் ஒரு வட்டக் கோடு. மெட்டியின் தடம். அந்தக் காலடிகள் எல்லாவற்றிலும் அது இருந்தது.

பாவாடை தொடை வரை நனைந்து உப்பு பூத்திருந்தது. நான் வெளியே வந்திருக்கக்கூடிய வழி, குகையின் இன்னொரு பக்கத்தில் பாறை மேல் இருக்கிறது. அதில் ஏறி இறங்கியதில் முழங்கை சிராய்த்திருந்தது. எனக்கு எதுவும் தெரியாது. இருபது நிமிடம் நடந்ததாகத்தான் ஞாபகம்.

"மணி என்ன?" என்று கேட்டேன்.

"பன்னெண்டரை. ரெண்டு மணி நேரமா உள்ள இருந்து யாரையோ கூப்பிட்டுட்டே இருந்தீங்க. தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு, அதான் எறங்கி வந்தேன்."

"பாபகரைக் கூப்பிட்டிருப்பேன்."

ஆன்சல் என் செருப்பைக் குளத்தோரமிருந்து எடுத்துவந்து காலடியில் வைத்தார். "அந்தப் பேரு என் வாயில நுழையல. ஆனா பாபகர் இல்ல." வண்டிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க. இனிமே இந்தப் பக்கம் உங்கள நான் கூட்டிட்டு வர மாட்டேன். மேற்குப் பக்கம் எங்க வேணா கூப்பிடுங்க. பூசைக்குக் கூப்பிடுங்க. இங்க வேண்டாம்."

வழியெல்லாம் அழுதேன் என்று எழுதினால் பொய். எனக்குக் குளிராக இருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பத்துப் பேரையும் நகரசபைக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலையில் அடக்கம் செய்தார்கள். ஊரில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்திலிருந்து இரண்டு பேர் வந்து தொழுகை நடத்தினார்கள். பிணவறை ஆட்கள், சார்ஜென்ட், மருத்துவ அதிகாரி, நான், மரி-ஃப்ளோர். வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்சலும் நின்றார். பத்து மரப்பலகைகள், எண் மட்டும் எழுதியது.

மதியம் கும்பாவின் அக்கா பேசினாள். கும்பா விடிந்ததும் போய்க் கரையில் உட்காருகிறாளாம், இருட்டினால்தான் வருகிறாளாம். குழந்தை அழுதால் திரும்பிப் பார்ப்பதில்லையாம். "உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். அவகிட்ட ஏதாவது ஒண்ணு சொல்லி முடிச்சு வைங்க. என்ன சொன்னாலும் சரி."

மரி-ஃப்ளோர் மொழிபெயர்த்துவிட்டு, "என்ன சொல்றது?" என்றாள்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

சொன்னேன். காலை பத்து மணிக்கு, எங்கள் சமையலறை மேஜையில் போனை வைத்துக்கொண்டு. மரி-ஃப்ளோருக்கு இதில் விருப்பம் இல்லை. "பொய்யை நான் என் வாயால சொல்லணுமா?" என்றாள். பாவம் என்னுடையது என்றேன்.

கும்பாவிடம் பாபகர் கிடைத்துவிட்டான் என்றேன். பேஷன்ஸ் கரைக் குகையில், பத்துப் பேருக்கு முந்தியே கரையேறி, அங்கேயே தூக்கத்தில் போயிருக்கிறான் என்றேன். அவர்களோடு சேர்த்து நேற்று அடக்கம் செய்துவிட்டோம்.

கும்பா அழவில்லை. "யாரு கழுவினது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"எப்படி இருந்தாரு? சொல்லு. நான் பாக்கல, நீ பாத்திருக்க."

அவள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் என்னிடம் எழுதி இருந்தன. தாள் முன்னாலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். உயரமாக இருந்தார் என்றேன். முகத்தை முதலில் துடைத்தேன். உப்பு போகவில்லை, வெந்நீர் விட்டுத் துடைத்தேன். இடது காது மடல் கிழிந்து ஆறியிருந்தது. சின்ன வயதில் தூண்டில் மாட்டிக் கிழிந்தது. வலது கைப் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்தே வளரும், அதில் மண் இருந்தது, குச்சியால் எடுத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கயிற்றுத் தழும்பு. தோளில் பச்சை குத்தியிருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சிலுவை, அதற்கு அடியில் என் பெயரின் முதல் எழுத்து.

மரி-ஃப்ளோர் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

போனில் கும்பா ஏதோ கேட்டாள். மறுபடி கேட்டாள். மரி-ஃப்ளோர் என் முகத்தைப் பார்த்தாள், நான் தாளைப் பார்த்தேன். பிறகு அவள் எதையும் மறைக்காமல், சிலுவையையும் எழுத்தையும், அப்படியே சொல்லி முடித்தாள்.

கும்பா இருக்கும் இடத்தில் கோழி கத்துவது கேட்டது.

"இது எங்க வீட்டு ஆள் இல்ல" என்றாள் கும்பா. "இது யாரு?"

என் புருஷன் என்றேன்.

"எங்க இருக்காரு?"

"கடல்ல."

"எத்தனை நாளாச்சு?"

"ஏழு வருஷம், நாலு மாசம்."

அவள் அதைத் தன் அக்காவிடம் சொல்வது கேட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவேண்டியதுதான். அவள் மெதுவாகப் பேசினாள். மரி-ஃப்ளோர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னாள்.

"எனக்கு நாலு மாசம்தான் ஆவுது. நான் இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். என்கிட்ட இனிமே பொய் சொல்லாத, நான் பாத்துக்கறேன். நீ ஏழு வருஷமாவா தண்ணி ஓரத்துல நடக்கற? வேண்டாம். வீட்டுக்குப் போ. அவரு பேரு என்ன?"

சொன்னேன். இந்தத் தீவில் நான் அந்தப் பெயரை, தெரிந்து, வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு வரவில்லை. இரண்டாம் தடவை சொல்லிக் கொடுத்தேன். 'கிளே...' என்று தடுக்கி, பிறகு பிடித்துக்கொண்டாள். அப்படியே அவருக்காக ஓத ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவில் அவர் பெயர் வந்ததும் புரிந்தது. எங்கள் ஊரில் அவருக்காக அப்படி ஒரு ஜெபம் சொல்ல நான் இதுவரை யாரையும் விட்டதில்லை.

முடிந்ததும் கும்பா போனை வைத்தாள். மரி-ஃப்ளோர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு போட்டாள். தின்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. மரி-ஃப்ளோரோடு நடந்தே கோவிலுக்குப் போனேன். பூசை முடிந்து பங்கு அலுவலகத்தின் முன் வரிசையில் நின்றேன். மேஜையில் ஒரு வயதான பெண், யாருக்காகப் பூசை என்று கருத்து எழுதும் தடித்த நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பின்னால் மூன்று பேர்.

பெயர் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"உயிரோட இருக்கறவருக்கா, இறந்தவருக்கா?" என்றாள் தலை நிமிராமலே. நோட்டில் இரண்டுக்கும் இரண்டு கட்டங்கள் இருந்தன. பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது.

பின்னால் யாரோ இருமினார்கள். மரி-ஃப்ளோர் என் முதுகில் கையை வைத்தாள்.

"இறந்தவருக்கு" என்றேன்.

அவள் கட்டத்தில் கோடு போட்டாள். "இறந்த தேதி?"

நவம்பர் இருபத்தொன்பது என்று சொல்லி, வருடத்தையும் சொன்னேன். அவள் எழுதி முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.